ஒன்றும் எழுதாத அட்டை

எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் துடைப்பம். தரையை அல்ல, கம்ப்யூட்டரைத்தான் ஓயாமல் துடைப்பார். கை கழுவும் பழக்கம் மட்டும் கிடையாது. கழிப்பறையிலிருந்து நேராக வந்து என் கீபோர்டில் விரல் வைப்பார். சீ!

அந்தக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கினால் உள்ளே ஆள் என்று அர்த்தம். அட்டையில் ஒன்றும் எழுதியிருக்காது. நான் எழுதிய புரோகிராம்களிலும் அதே ஏற்பாடுதான். பரிசோதனை இயந்திரம், வரவேற்பு மேசை இரண்டின் புரோகிராமும் ஒரே ஃபைலில் எழுதும். எழுதப் போவது முதலில் ‘பூட்டு’ என்று ஒரு காலி ஃபைலை வைக்கும், முடித்ததும் எடுத்துவிடும். அது இருக்கும்வரை மற்றது காத்திருக்கும்.

அன்று காலை ஒரு லாரி ஓட்டுநர் ரிப்போர்ட்டோடு வந்தார்.

“என்னம்மா இது, நான் மாசமா இருக்கேன்னு போட்டிருக்கு?”

கூடமே சிரித்தது. வரவேற்பு மேசையில் இருந்த என் அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. “அப்போ மாசமா இருக்கறது யாரு? உங்க சர்க்கரை எங்க போச்சு?” என்று தேடினார். இரண்டுமே ஃபைலில் இல்லை.

துடைப்பம் பாய்ந்து வந்தார். “தப்பா அடிச்சிருக்க. நாளைலேர்ந்து வேலைக்கு வர வேணாம்.”

அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. அண்ணனுக்கு வேலை போனதிலிருந்து வீடு அண்ணி சம்பளத்தில்தான் ஓடுகிறது.

நான் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். பூட்டைக் கண்டவுடன் அழிக்க இந்த மனிதர் நேற்று தனியாக ஒரு குட்டிப் புரோகிராமே போட்டு வைத்திருந்தார். அதனால் இயந்திரமும் வரவேற்பு மேசையும் ஒரே நேரத்தில் எழுதி, ஒருவர் பெயரில் இன்னொருவர் முடிவு ஒட்டிக்கொண்டிருந்தது.

“பூட்ட ஏன் சார் அழிச்சீங்க?”

“உள்ள ஒண்ணுமே இல்லப்பா. குப்பைய எதுக்கு வச்சுக்கணும்? அதால வரவேற்பு கம்ப்யூட்டர் வேற நின்னு நின்னு போச்சு.”

“அது இருக்கறதே ஒரு சேதி சார்.”

“அண்ணிய காப்பாத்த கதை விடறியா? முதலாளியம்மா வரட்டும், பேசிக்கறேன்.” சொல்லிவிட்டு, அட்டையை மாட்டிக் கழிப்பறைக்குள் போனார்.

நான் அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நெடுந்தூரம் காரில் வந்த முதலாளியம்மா நேரே அந்தக் கதவைத்தான் தள்ளினார்.

“ஐயையோ!” இரண்டு குரல்கள்.

“அட்டைய மாட்டிட்டுப் போனா என்ன?”

“மாட்டினேம்மா!”

“நான்தாம்மா எடுத்தேன்,” என்றேன். “ஒண்ணுமே எழுதல, குப்பைன்னு நெனச்சுட்டேன். சார் நேத்துலேர்ந்து கம்ப்யூட்டர்ல பூட்டு ஃபைலுக்கு இதத்தான் செய்றாரு. ரிப்போர்ட் ஆள் மாறிப் போச்சு, பழிய அண்ணி மேல போட்டு வேலைய விட்டு நிறுத்தறாரு.”

முதலாளியம்மாவுக்கு விளங்கிவிட்டது. “உன் அண்ணி இங்கதான் வேலை பார்க்கும். நேத்து வந்த எல்லாரையும் கூப்பிட்டுத் திரும்ப ரத்தம் எடுங்க. செலவு என்னோடது.”

துடைப்பம் பெல்ட்டை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். அண்ணியிடம் போய், “சரி, இந்த ஒரு தடவ உன்ன மன்னிச்சுட்டேன்,” என்று தோளைத் தட்டக் கையை நீட்டினார்.

அண்ணி சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

“மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க சார்.”