வாங்கில் இருந்த சாட்சி

1.

முதலிலேயே சொல்லிப்போடுறன்: இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. சட்டத்தரணி றஸீனா முப்பது வருடத் தொழிலை முடித்து ஓய்வெடுக்கிறா என்று ஒரு பாராட்டு மலர் போடுகிறார்கள். தொகுப்பாசிரியர் ஜெயந்தன், அதாவது நான். இரண்டு பக்க வாழ்க்கைக் குறிப்புக்குப் போன இடத்தில் அவ இதைச் சொல்லித் தொலைத்தா.

முதல் தொடக்கம்: "மட்டக்களப்பு வாவியின் அலைகளைப் போல அன்னாரின் சேவையும் ஓய்வின்றி—"

சீ! வாவியில் என்ன பெரிய அலை? வெட்டியாச்சு.

இரண்டாவது: "வேலை பறிபோன தாதிகளும் சிற்றூழியர்களும் முதலில் தட்டியது றஸீனாவின் கதவைத்தான்." இது உண்மை. இருக்கட்டும்.

2.

அந்தக் காலம் அவவுக்கு இப்பவும் கண்ணுக்குள் நிற்குது. மாடியில் ஒற்றை அறைச் சட்டக் கந்தோர். இரவுக் கடமை முடிந்த கையோடு வெள்ளை யூனிபோமில் வந்து குந்தும் பெண்கள். ஊசி மாறிப் போட்டதாகப் பழி சுமந்தவள், பிள்ளை வயிற்றோடு நிறுத்தப்பட்டவள், எக்ஸ்றே அறையில் வேலைசெய்து நோய் வாங்கினவள். கொண்டுவந்த இடியப்பப் பார்சலைப் பிரித்து அவவுக்கும் ஒரு பங்கு வைப்பார்களாம்.

"சட்டப் புத்தகத்தில இல்ல, அந்தப் பார்சல்லதான் நான் ஆஸ்பத்திரியப் படிச்சன்" என்றா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா, கண் கலங்கிப் போச்சு.

(இங்கே அவ வென்ற வழக்குகளின் பட்டியல் வரவேண்டும். "வெண்டதெல்லாம் ஊருக்கே தெரியும், அத விடுங்க" என்று விட்டா. ஆகவே தோற்ற வழக்கு ஒன்று.)

3.

இலட்சுமிப்பிள்ளை கிரான் ஊர்க்காரி. றமீஸா ஏறாவூர். இருவரும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உதவியாளர்கள். (எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், அது நான் கதைக்குள் கட்டின ஆஸ்பத்திரி.)

நோன்பு மாதத்தில் றமீஸா நோன்பு திறக்க வீட்டுக்குப் போனால், அவவுக்காக இலட்சுமிப்பிள்ளை கடமைக்கு நிற்பா. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்தால் இலட்சுமிப்பிள்ளைக்காக றமீஸா நிற்பா. நிற்கிறவ வராதவவின் கையொப்பத்தையும் வரவு இடாப்பில் வைத்துவிடுவா. வருடக்கணக்காக இப்படித்தான். வார்ட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் கண்டுகொண்டதில்லை.

பதினாறு வருடத்துக்கு முன் புதிதாக வந்த மனேஜரும் சடங்கு பார்க்கப் போனார். பாவி மனுசன்! கோயில் வாசலில் இலட்சுமிப்பிள்ளையைக் கண்டுவிட்டார். காலையில் இடாப்பைத் திறந்தால் அவவின் கையொப்பம்.

"ஆரு வச்சது?"

"நான்தான் வச்சிட்டுப் போனன்" என்றா இலட்சுமிப்பிள்ளை. நோயாளிகளைக் கைவிட்டுப் போனதாக வேலை போச்சு.

4.

றஸீனா வழக்கை எடுத்தா. தொழில் நியாயமன்றில் வெல்ல ஒரு சாட்சி போதும். "அண்டைக்கு அவவுக்குப் பதிலா நான் நிண்ட" என்று றமீஸா சொன்னால் நோயாளிகளை யாரும் கைவிடவில்லை என்றாகும். ஆனால் பொய்க் கையொப்பம் வைத்ததற்கு றமீஸாவின் வேலையும் போகும்.

"அவள இழுக்காதீங்க மெடம். புருசனில்லாம ரெண்டு புள்ளையோட நிக்கிறாள்" என்றா இலட்சுமிப்பிள்ளை.

றஸீனா இழுக்கவில்லை. விசாரணை நாள் போய்ப் பார்த்தால், வாசலில் போட்டிருந்த நீள வாங்கில் றமீஸா! இலட்சுமிப்பிள்ளை வந்துசேர முந்தியே வந்து இருக்கிறா.

"நான் உண்மையச் சொல்லப்போறன் மெடம். என்ட வேல போனாப் போகட்டும்."

[இந்த இடத்தில் மூன்று நாள் பேனா நகரவில்லை. றஸீனாவை நல்லவவாகக் காட்ட ஒரு வசனம் தேடி எழுதினேன். அவ அதை வெட்டச் சொன்னா.]

"இண்டைக்கு விசாரணை இல்ல புள்ள, தவணை போட்டாச்சு. வாற வெள்ளிக்கிழமை வாங்க" என்றா றஸீனா.

பச்சைப் பொய். றமீஸா நம்பிப் போயிட்டா. சாட்சி இல்லை என்று விசாரணை முடிந்தது. தீர்ப்பு இலட்சுமிப்பிள்ளைக்கு எதிராக வந்தது. வெள்ளிக்கிழமை வந்த றமீஸா, தான்தான் திகதியை மாறிக் கேட்டுவிட்டதாக நினைத்து அதே வாசலில் நின்று அழுதா. றஸீனா வாய் திறக்கவில்லை. அந்த வெட்கத்தில் றமீஸா பிறகு கிரான் பக்கமே போகவில்லை.

5.

முடிவு ஒன்று: பாராட்டு விழாவில் இலட்சுமிப்பிள்ளையும் றமீஸாவும் கட்டிப்பிடித்து அழ, மண்டபமே— வேண்டாம், இது நாடகம்.

முடிவு இரண்டு: றஸீனா மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம்— எழுதவேயில்லையே!

"இலட்சுமிப்பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டாம நான் இத அச்சில போடமாட்டன்" என்றேன்.

"நானே வாசிக்கிறன்" என்றா றஸீனா.

ஞாயிற்றுக்கிழமை அவவின் காரில் கிரானுக்குப் போனோம். இலட்சுமிப்பிள்ளை முற்றத்தில் கதிரை போட்டுத் தந்தா. றஸீனா வாசித்தா. றமீஸா வாங்கில் இருந்த இடம் வந்தபோது இலட்சுமிப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினா.

"அவள் வந்தவளா?"

"ஓம்."

"தன்ட பாட்டுக்கா?"

"ஓம். முதல் ஆளா வந்து இருந்தவ."

"பயத்தில எட்டியும் பாக்கல்ல எண்டுதானே மெடம் இவ்வளவு காலமும் நான் நினைச்சன்."

"நீங்கதானே சொன்னீங்க, அவள இழுக்க வேணாமெண்டு."

"இழுக்க வேணாமெண்டுதான் சொன்ன. வந்தவளத் திருப்பி அனுப்பச் சொல்லயில்ல."

உள்ளே போய்ச் சாரி மாற்றிக்கொண்டு வந்தா. "ஏறாவூர் பஸ் இப்ப வரும்."

"ஏறுங்க, நான் கொண்டுபோய் விடுறன்."

"வேணாம் மெடம். நான் பஸ்ஸில போறன்."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் றஸீனாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

6.

ஏறாவூரில் றமீஸாவின் கதவு திறந்த பிறகு என்ன நடந்தது? தெரியாது. தெரிந்தாலும் எழுதமாட்டேன், அது அந்த இரண்டு பேரின் சொத்து.

என் கையில் மிச்சம் இருப்பது றஸீனா மட்டும்தான். கிரான் சந்தியில் காரை நிறுத்திவிட்டு இருக்கிறா. பஸ் போய்விட்டது.

"ஜெயந்தன், நான் றமீஸாவக் காப்பாத்தினனா, இல்லையா?"

அவ காப்பாற்றியது ஒரு வேலையை. நான் காரைவிட்டு இறங்கி நிற்கிறேன். நீங்கள் ஏறி அவவுக்குப் பக்கத்தில் இருங்கள். கேள்வியை இனி உங்களிடம்தான் கேட்பா.