எட்டுத் தகட்டுக் கொட்டலசு

அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில் பதினெட்டு வருடமாகக் கொட்டலசுப் புதைபடிவங்களை வகை பிரித்துக்கொண்டிருந்தாள் அக்கா. பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டி வளரும் அந்தச் சின்ன உயிர்களைச் சிப்பி என்று நினைப்பவர்களிடம், "இல்லைங்க, இது நண்டுக்கும் இறாலுக்கும் சொந்தம்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

தங்கை கடலாய்வு நிலையத்தில் சேர்ந்து மூன்றே வருடம். தெற்குக் கடலின் ஆழத்திலிருந்து அவள் எடுத்த கல்லில், யாரும் பார்த்திராத கொட்டலசு ஒன்று ஒட்டியிருந்தது. புதிய இனம் என்று பேச்சு அடிபட்டது. அம்மா பக்கத்து வீடு, எதிர்வீடு என்று ஒருவர் விடாமல் சொன்னாள். அக்காவுக்கு வயிறு எரிந்தது.

"பாத்துச் சொல்லுக்கா" என்று தங்கை படங்களை அனுப்பினாள். ஓட்டுச் சுவரில் எட்டுத் தகடுகள்; இன்று உயிரோடு இருப்பவற்றில் பெரும்பாலும் நாலோ ஆறோதான் இருக்கும். அக்காவுக்குப் பொறி தட்டியது. இழுப்பறையைத் திறந்தாள். கடலே எட்டாத மலையின் சுண்ணாம்புக் கல்லில் கிடைத்த, ஒன்றரைக் கோடி வருடத்துக்கு முந்தைய படிவம். அவளே பெயர் வைத்தது. தகடுகள் படிந்த விதம், உட்பக்க வரிகள், எல்லாம் அச்சு அசல்.

உடனே போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. அடுத்த மாதம் கருத்தரங்கில் தங்கை அதைப் பற்றிப் பேசி முடித்துக் கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, அக்கா எழுந்தாள்.

"இது புதுசு இல்ல. நான் ஏற்கெனவே பேர் வச்சாச்சு." படிவத்தை மேசைமேல் வைத்தாள்.

தங்கையின் முகம் வாடும் என்று பார்த்தாள். அவளோ லென்சை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தாள்.

"இது அழிஞ்சுபோச்சுன்னுதானேக்கா எழுதியிருந்த?"

"ஆமா."

"அப்ப இன்னும் உயிரோட இருக்கு."

அரங்கமே மேசையைச் சூழ்ந்துகொண்டது. புதிய இனங்கள் வருடந்தோறும் வரும். அழிந்தது திரும்பி வருவது அபூர்வம். மறுநாள் பத்திரிகையில் தங்கையின் படம் பெரிதாக வந்தது. ஓரத்தில் அக்காவின் முழங்கை மட்டும் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்துத் தங்கை மாடியேறி வந்தாள்.

"முன்னாடியே தெரியும்ல?"

"தெரியும்."

"என்னைக் கவுக்கத்தானே சொல்லாம வச்சிருந்த?"

"ஆமா" என்றாள் அக்கா, நிமிராமல்.

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கோவந்தான் எனக்கு. ஆனா அந்த மலை அப்போ கடலா இருந்துச்சு, அங்கேருந்து இது தெற்கே எப்படிப் போச்சுன்னு உன்னாலதான் எழுத முடியும்."

அக்கா வரைபடத்தை விரித்தாள். எரிச்சல் முழுக்க அடங்கவில்லை.

"கட்டுரையில யார் பேர் முதல்ல வரும்?" என்று கேட்டாள்.

"உன் பேர்."

"வேணாம்னு சொல்ல மாட்டேன்" என்றாள் அக்கா.