திருகில் கட்டிய மஞ்சள் துணி

கணவனின் கட்டிலருகே உட்கார்ந்த நாள் முதல் கன்னிகா பார்த்துக்கொண்டிருந்தது ஜெகநாதனின் முகத்தை அல்ல, தலைமாட்டுத் திரையில் மின்னிய எண்ணைத்தான். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று சொல்லும் எண். அது தொண்ணூற்றொன்று என்றால் அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கொரோனா சமயத்தில் அண்ணன் தனசேகரை ஆம்புலன்ஸில் போட்டுக்கொண்டு சித்தூருக்கும் திருப்பதிக்குமாக அலைந்தவள் அவள். எங்கும் ஆக்சிஜன் இல்லை. எண் இறங்க இறங்கப் பார்த்துக்கொண்டே வந்தாள். அண்ணன் வீடு திரும்பவில்லை.

இப்போது அதே திருப்பதி ஆஸ்பத்திரியில் காற்று தாராளம். சுவரில் ஒரு திருகு, திருகினால் வருகிறது. நகரியில் விசைத்தறிப் பஞ்சையும் பீடிப் புகையையும் ஆயுசெல்லாம் இழுத்த ஜெகநாதனுக்கு நிமோனியா. நர்ஸ் அளவாக வைத்துவிட்டு நகர்ந்ததும் கன்னிகா இன்னும் கொஞ்சம் திறப்பாள். எண் தொண்ணூற்றொன்பதுக்கு ஏறும். அதைப் பார்த்தால்தான் அவளுக்கு இட்லி இறங்கும்.

ஒரு காலையில் ஜெகநாதன் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. எண் மட்டும் ஜோராகத் தொண்ணூற்றொன்பதில் நின்றது. டாக்டர் ரமணா ரத்தம் எடுத்துச் சோதித்தார், திருகைப் பார்த்தார், கன்னிகாவைப் பார்த்தார். அவள் மறைக்கவில்லை. இறுக்கமான மாஸ்க் மாட்டி மெஷின் வைத்து மூச்சுக்கு உதவினார்கள். சாயங்காலம்தான் விழித்தான்.

டாக்டர் தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார். இது ஏற்கெனவே நைந்த நுரையீரல். ஆக்சிஜன் மிஞ்சினால் வெளியே போகவேண்டிய கெட்ட காற்று உள்ளேயே தேங்கி மயக்கம் வரும். நாள்கணக்கில் விட்டால் நுரையீரலே புண்ணாகிவிடும். இவருக்குத் தொண்ணூறை ஒட்டி இருந்தால் போதும்.

கன்னிகாவுக்குப் புரிந்தது. அவள் கைக்குத்தான் புரியவில்லை. எண் எண்பத்தொன்பதைத் தொட்டதும் கை தானாகத் திருகுக்குப் போனது. பாதியில் இழுத்துக்கொண்டு அழுதாள். பிறகு மலைக்கு நேர்ந்து காசு முடிந்த மஞ்சள் துணியை இடுப்பிலிருந்து எடுத்துத் திருகு அசையாதபடி கட்டினாள். இவர் தேறினால்தான் அவிழ்ப்பேன் என்று வேண்டிக்கொண்டாள். ஏழுமலையானுக்குச் சொன்ன வாக்கை மீறும் தைரியம் அவள் வம்சத்திலேயே கிடையாது.

நர்ஸ் சபீனா துணியைப் பார்த்தாள். விஷயம் கேட்டாள். அவசரமென்றால் தானே அவிழ்த்துவிடுவதாகவும் சாமி கோபித்துக்கொள்ளாது என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆக்சிஜனை இன்னும் குறைக்கச் சொன்னார் டாக்டர். சபீனா துணியைத் தொடவில்லை.

"நீயே அவுத்து கொறச்சுடுக்கா."

"தேறினாத்தான் அவுப்பேன்னு வேண்டிகினேனே."

"காத்தக் கொறைக்கச் சொல்றாருன்னா உன் வூட்டுக்காரரு தேறிகினு கீறாருன்னுதான் அர்த்தம்."

அண்ணனுக்குக் கிடைக்காத காற்று. அதைத் தன் கையாலேயே குறைக்க வேண்டும். கன்னிகா எழுந்து திருகுக்கு எதிரே நின்றாள். துணியை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சபீனா காட்டிய அளவுக் கோடு வரைக்கும் திருகினாள். எண் எண்பத்தெட்டுக்கு இறங்கியது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

"இன்னாமே, அந்த டிவியவே பாத்துகினு கீற," என்றான் ஜெகநாதன், குரல் கம்ம. "நான் இங்க கீறேன்."

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். மூக்குக் குழாய் அழுத்திய தழும்போடு, நாலு நாள் தாடியோடு, அவன் சிரிக்க முயன்றுகொண்டிருந்தான். எண் அதற்கப்புறம் ஏறியதா இறங்கியதா என்று அவள் கவனிக்கவில்லை.