வெளி ரத்தம்

ஆயர் ஈத்தாம் ஊர் வீட்டுக் கூடத்தில் என் மாமனார் முருகப்பன் அன்றைக்கும் அதையே ஆரம்பித்தார். "எங்க பரம்பரையில யாருக்கும் வலிப்பு கெடையாது. வெளி ரத்தம் உள்ள வந்தா இப்படித்தான்." வெளி ரத்தம் நான்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பம். செட்டியார் வீட்டு மருமகளாகி மூன்று வருஷம் ஆகியும் வாசலிலேயே நிற்கிறேன். என் கணவர் அரவிந்த் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

மகன் பிறந்து இரண்டு மாதம். மூன்றாம் நாளிலிருந்து வலிப்பு. மாமாவுக்கான பதில் என் கைப்பையில் மடித்துக் கிடந்தது, மரபணு ரிப்போர்ட். மூளை உயிரணு துடித்து முடித்ததும் அதை அமைதிப்படுத்துகிற பொட்டாசிய வாசல் ஒன்று இவனுக்குச் சரியாகத் திறப்பதில்லை. அந்தக் குறை இவனுடைய அப்பாவிடமிருந்து வந்தது என்று டாக்டர் படம் வரைந்தே காட்டினார். வலிப்பு பெரும்பாலும் ஒரு வயதுக்குள் நின்றுவிடும் என்றும் சொன்னார். திரும்பும்போது அரவிந்த் தன் அப்பாவுக்காகக் காரிலேயே கும்பிட்டார். "அப்பச்சிகிட்ட சொல்லாத. தாங்க மாட்டாரு." நான் தாங்குவேனாம்.

எதிரே நாத்தனார் பிரியா தன் ஏழு மாத வயிற்றைத் தடவிக்கொண்டாள். "நல்லவேளை அண்ணி, என் வீட்டுக்காரரு நம்ம ஆளுங்க." இவள் வயிற்றுப் பிள்ளைக்கும் அது வரலாம், தெரிய வேண்டுமே என்ற அக்கறையெல்லாம் எனக்கு வரவில்லை. பழி தீர்க்கத்தான் பையின் ஜிப்பை இழுத்தேன்.

அப்போது தொட்டிலில் குழந்தை விறைத்தான். உதடு நீலமாகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பிரியா அலறினாள். நான் எழுவதற்குள் மாமா அவனைத் தூக்கிப் பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார். அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். பிரியா கரண்டியோடு ஓடிவர, "வாயில ஒண்ணும் வைக்காத!" என்று அதட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸ் எனக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் செய்தார். நாற்பது வினாடியில் நின்றது.

"பயப்படாதம்மா. இப்ப தூங்கிடுவான். எப்பவும் அப்படித்தான்."

சொன்னது அவர் காதிலேயே பிறகுதான் விழுந்திருக்க வேண்டும். வாயை இறுக்கிக்கொண்டார்.

பிரியா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அப்பச்சி, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

முதல் முறையாக மாமா என் முகத்தை நேராகப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லி அவரைக் காப்பாற்றுவேன் என்பதுபோல. நான் அரவிந்தைத்தான் பார்த்தேன். அவர் உள்ளங்கை மட்டும் குழந்தையின் முதுகில், கைக்குழந்தை அரவிந்தை இப்படி எத்தனை தரம் தட்டித் தூங்க வைத்ததோ, நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருந்தது.