அய்யம்மாள் காலி செய்த தெரு

ஜீப்பில் அன்று டிரைவரையும் சேர்த்துப் பதினோரு பேர். முன் சீட்டில் டிரைவர் முகைதீன் பிச்சை; நடுவில் எட்டாவது வரை படித்த சந்திரவல்லி, மடியில் பரீட்சை அட்டையும் முழுத்தாளும்; ஓரத்தில் எல்லாருக்கும் மூத்த சுந்தரம்மாள். பின்னால் எதிரெதிர்ப் பலகைகளில் கருப்பம்மாள், பேச்சி உட்பட ஏழு பேர், முழங்காலோடு முழங்கால் இடிக்க. தூக்குவாளிகளுக்கு நடுவே, தரையில், அய்யம்மாள். மற்ற நாட்களில் பலகையில் இடத்துக்குச் சண்டை போடுகிறவள், இன்று தானாகவே கீழே உட்கார்ந்துகொண்டாள்.

எல்லோரும் ராசிங்காபுரம் கிழக்குத் தெருப் பெண்கள். விடியுமுன் கிளம்பி, போடி வழியாக மலையேறி, கேரளத்துப் பக்கத்துத் தோட்டங்களில் ஏலக்காய் எடுத்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புவார்கள். ஒன்றாக உட்கார்ந்து பேச ஜீப்பை விட்டால் இடமில்லை.

பேச வேண்டியதும் இருந்தது. முந்தின நாள் ஞாயிறு, பஞ்சாயத்து ஆபீசில் வாக்காளர் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். எழுபத்தொன்பதாம் வருசத்துப் பட்டியல். சந்திரவல்லி விரல் வைத்து மேலிருந்து கீழே வாசித்தாள். கிழக்குத் தெருவில் ஒரு பெயர்கூட இல்லை. ஆட்சேபணை எழுத வெள்ளிக்கிழமை கடைசி.

எப்படிப் போனது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன், தெருவே வேலைக்குப் போயிருக்க, காய்ச்சலில் அய்யம்மாள் மட்டும் வீட்டில் இருந்தாள். தோளில் பையும் கையில் நோட்டுமாக ஒருவர் வந்து, "வீட்டில எத்தன பேரு? வயசென்ன? பொம்பளைக எத்தன?" என்று கேட்டார். அவளுக்குத் தெரிந்து இந்தக் கேள்விகளைக் கேட்பது குடும்பக் கட்டுப்பாட்டு ஆட்கள்தான். மூன்று வருசத்துக்கு முன் இப்படிக் கேட்டுவிட்டுப் போன மறுநாளே ஆபரேசனுக்கு ஆள் பிடிக்கத் தெருவில் வேன் வந்து நின்றதும், ஆம்பளைகள் சோளக்காட்டில் ஒளிந்து கிடந்ததும் அவளுக்கு மறக்கவில்லை. யோசிக்காமல் தெருவைக் காப்பாற்றிவிட்டாள். "இங்க எவரும் இல்லீங்க. பூராப் பேரும் மலையாளத்துக்குக் குடி போயிட்டாக."

பூட்டிய கதவுகளும் அதையே சொல்லின. வந்தவரோ ஓட்டுக் கணக்கெடுக்க வந்த, வெளியூர்ப் பள்ளிக்கூடத்துத் திருப்பதி வாத்தியார்.

"ஏத்தா அய்யம்மா, ஒத்தச் சொல்லுல தெருவையே காலி பண்ணிட்டியே," என்றாள் கருப்பம்மாள். "என் மாமியாள மட்டும் மலையாளத்துக்கு அனுப்பிருக்கக் கூடாதா?"

ஜீப்பே சிரிப்பில் குலுங்கியது.

"அவ என்ன பொய்யா சொன்னா? இப்ப எங்க போறோமாம்?" என்றாள் பேச்சி.

"அப்ப அங்க போயி ஓட்டுக் கேளு. மலையாளத்தான், பாண்டிக்காரிக்கு இங்க என்ன ஓட்டும்பான்," என்றாள் கருப்பம்மாள்.

சுந்தரம்மாள் திரும்பிப் பார்த்தாள். "சிரிச்சது போதும்டி. ஓட்டில்லாத தெருவுக்கு எவன் குழாய் போடுவான்? சந்திரா, எழுது."

கொண்டை ஊசி வளைவு ஒன்றில், ஊற்றுத் தண்ணீர் பிடித்து ரேடியேட்டருக்கு ஊற்ற முகைதீன் பிச்சை ஜீப்பை நிறுத்தினார். ஆட்டம் நின்றதும் சந்திரவல்லியின் பேனா ஓடியது. அனுப்புநர், பெறுநர், தேதி எல்லாம் எழுதிவிட்டு வாசித்தாள்: "மாண்புமிகு தாசில்தார் அவர்களுக்கு. நாங்கள் உயிரோடும் ஊரோடும் இருக்கிறோம்." பிறகு நிமிர்ந்தாள். "பேரு விட்டுப்போனதுக்குக் காரணம் என்னன்னு எழுத?"

"கணக்கெடுக்க ஆளே வரலைன்னு எழுது. அதான் சுளுவு. அய்யம்மா பேரும் வராது," என்றாள் கருப்பம்மாள்.

அய்யம்மாளுக்கு மூச்சு வந்தது. சர்க்காருக்குப் பொய் சொன்னவள் என்று எழுத்தில் ஏறிவிடுமோ என்ற பயத்தில் ராத்திரி அவள் சாப்பிடவே இல்லை. ஆனால் வந்த மூச்சு பாதியில் நின்றது. 'காய்ச்சலோட வெயில்ல நிக்காதம்மா, உள்ள போ' என்று சொல்லிவிட்டுப் போன மனுசன் அந்த வாத்தியார்.

"வேணாம்," என்றாள். "அந்த வாத்தியாரு சோலி போயிரும். நான்தான் சொன்னேன்னு எம் பேரையே எழுது."

"போலீசு வந்தா?" என்றாள் பேச்சி.

"வரட்டுமே. போலீசும் பேரு, ஊரு, வயசு கேட்டு எழுதத்தான செய்வாக? அதுலயாவது நான் இருக்கேன்ல!"

முகைதீன் பிச்சை சிரித்த சிரிப்பில் பாதித் தண்ணீர் ரோட்டில் கொட்டியது.

அய்யம்மாள் தூக்குவாளிகளை விலக்கி எழுந்து முட்டி போட்டாள். "இன்னொண்ணும் எழுது சந்திரா. ஞாயித்துக்கெழம வரச்சொல்லு. அன்னைக்கு ஒரு கதவுலயும் பூட்டுத் தொங்காது. தெருமுக்குல நான் நிக்கிறேன். வீடு வீடாக் கூட்டிட்டுப் போயி, ஆளக் காட்டிப் பேரு சொல்றேன். என் வாயால போன தெரு என் வாயாலயே வரட்டும்."

"எம் மாமியாளையுமா?"

"அவளத்தான் மொதல்ல!"

இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் பேனா மையைத் தடவிக் கட்டைவிரல் பதித்தார்கள். "ஓட்டு வர்றதுக்கு முந்தியே மை வந்திருச்சுடி!" என்று பேச்சி விரலைத் தூக்கிக் காட்டினாள். எல்லா விரல்களும் மேலே போயின. அய்யம்மாளுடையதுதான் கடைசியாக இறங்கியது.

பசைக்கு எங்கே போவது? சுந்தரம்மாள் தூக்குவாளியைத் திறந்து நாலு பருக்கை சோறு எடுத்துக் கொடுத்தாள். சந்திரவல்லி தபால் கவரின் ஓரத்தில் அதை நசுக்கித் தேய்த்து, முழங்காலில் வைத்து அழுத்தினாள். மேலேயிருந்து ஏலக்காய் மூட்டை லோடோடு இன்னொரு டிரைவர் கலீபுல்லாவின் ஜீப் இறங்கி வந்தது.

"மாப்ளே, நில்லு!" முகைதீன் பிச்சை குறுக்கே கை நீட்டினார். "இத போடி தபாலாபீசுல சேத்துரு. வெரசா. ஒரு தெருவே உள்ள இருக்கு, கசக்கிராத."

கலீபுல்லா கவரைத் தலைக்கு மேல் தூக்கி எடை பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு சட்டைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு ஹாரனை அடித்தார். வளைவில் மறையும்வரை ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்ற அய்யம்மாள், பலகையில் தனக்கு விட்டிருந்த இடத்தில் கருப்பம்மாளை இடித்துத் தள்ளி நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.