இடது பக்கத்து எரிச்சல்

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்ததில் செல்லப்பாண்டி செத்துப்போய் இன்னும் ஒரு மாசம் ஆகவில்லை. அதற்குள் அவன் பெண்டாட்டி முத்துமாரியம்மாளுக்கு இடது நெஞ்சு எரிய ஆரம்பித்தது. முதுகில் கிளம்பி, விலாவைச் சுற்றிக்கொண்டு வந்து, மார்புக்குக் கீழே நிற்கிற எரிச்சல். சேலை உரசினாலே உயிர் போனது.

அவனுக்கும் வெந்தது இடது பக்கம்தான். பிணவறையில் துணியை விலக்கிக் காட்டியபோது பார்த்தாள். வலது பக்கம் அப்படியே செல்லப்பாண்டி. இடது பக்கம் வேறு யாரோ.

ஹார்ட் அட்டாக்காக இருக்கும் என்று தாயில்பட்டியில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. யார் கொடுக்கிற வலி என்றும் தெரிந்திருந்தது. கூப்பிடுகிறான். போய்விட்டால் மகள் அனுப்பிரியாவுக்கு யார் இருக்கிறார்கள்? பிள்ளை இப்போதுதான் மூன்றாம் வகுப்பு.

சுனாமிக்கு மறுவருஷம் அது. செல்லப்பாண்டியின் தங்கச்சி கருப்பம்மாள் உப்பு ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள், சோடா வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். கேட்கவில்லை. விருதுநகர் பஸ்ஸில் ஏற்றித் தானும் கூடவே போனாள்.

முத்துமாரியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி முணுமுணுத்தாள். “புள்ளைய ஒரு கரை சேத்துட்டு வாறேன். அதுவரைக்கும் கைய எடுங்க.”

“யார்ட்ட பேசுதீக மதினி?”

“ஒங்கண்ணன்ட்டதான்.”

கருப்பம்மாள் சீட்டில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டி இரண்டு தடவை ஈசிஜி எடுத்தார்கள். ரத்தமும் பார்த்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை, எதற்கும் ஒருநாள் இருக்கட்டும் என்று டாக்டரம்மா படுக்கவைத்தார். செத்தவன் வந்திருப்பது மெஷினுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள் முத்துமாரியம்மாள்.

மறுநாள் காலையில் நர்ஸ் ஜாக்கெட்டைத் தளர்த்தினாள். முதுகெலும்பிலிருந்து மார்பு வரை, பட்டையாக, நீர்கோத்த கொப்புளங்கள். இடது பக்கம் மட்டும்.

“ஐயோ, அண்ணன் மேல கிடந்த அதே கொப்புளம்!” கருப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஏ அண்ணே, மதினிய விட்ருண்ணே!”

“கத்தாதம்மா. பக்கத்துக் கட்டில்ல நெசமான அட்டாக் படுத்திருக்கு, அதையும் கொன்னுறாத,” என்றாள் நர்ஸ்.

டாக்டரம்மா வந்து குனிந்து பார்த்தார். “அக்கி. கொப்புளம் கிளம்புறதுக்கு முன்னாலயே வலி வந்துரும். இடது பக்கம் வந்தா நெஞ்சுவலின்னுதான் எல்லாரும் ஓடி வருவாங்க. சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?”

“போட்டுச்சு.”

“அந்தக் கிருமிதான். இத்தனை வருசம் நரம்புல பதுங்கிக் கிடந்துருக்கு. நீங்க ஒடிஞ்சு போன நேரம் பார்த்து எந்திரிச்சிருக்கு. உயிருக்கு ஒண்ணுமில்ல. மாத்திரை எழுதுறேன்.”

“அப்ப இது அவுக இல்லையா?”

“எவுக?”

கருப்பம்மாள்தான் விஷயத்தைச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார். “இல்லம்மா. ஒங்க உடம்புக்குள்ள இருந்ததுதான்.”

“அனுப்பிரியாட்ட சொல்லணும், புள்ள அழுதுட்டே கிடப்பா!” கருப்பம்மாள் டெலிபோன் பூத்துக்கு ஓடினாள்.

முத்துமாரியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிழைத்தாயிற்று. பிள்ளைக்குத் தாய் மிச்சம். பழக்கத்தில் வாய் தானாகப் பேசியது.

“கேட்டீகளா, ஒண்ணுமில்லையாம்.”

விலா முன்னைப்போலவே எரிந்தது. நேற்றுவரை அதில் ஒரு ஆள் இருந்தான்.