தாழ்வாரத்தில் நடக்கும் டாக்டர்

தெருவில் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். வாராவாரம் ஓடும் ஒரு விண்வெளித் தொடரில் கப்பல் டாக்டராக நடித்த புண்ணியத்தில் கிடைத்த பட்டம் அது. நடித்தார் என்று இறந்தகாலத்தில் சொல்வதில்தான் சிக்கல். அந்த டாக்டரைத் தொடரில் எப்போதோ சாகடித்துவிட்டார்கள். பகைவர்கள் அவரைத் தலைக்கவசம்கூட இல்லாமல் கப்பலுக்கு வெளியே தள்ளினார்கள். கேப்டன் கண்ணாடி ஜன்னலில் கைவைத்துக் கதறினார். வயலின்களும் சேர்ந்து அழுதன. ஒரு மனிதன் சாவதற்கு இதற்கு மேல் என்ன செய்துவிட முடியும்?

அதற்குப் பிறகும் அவர் வாராவாரம் நடந்துகொண்டிருந்தார்.

கப்பலின் தாழ்வாரம் என்பது முட்டை அட்டைகளை ஒட்டி வெள்ளிச் சாயம் அடித்த ஒரு தட்டி. படப்பிடிப்புக் கொட்டகையில் இடம் பற்றாததால், அதைப் பிரித்துப்போடுவதற்கு முன்பு யார் யார் அதில் நடக்க வேண்டுமோ அத்தனை பேரையும் மொத்தமாக நடக்கவிட்டுப் படம் பிடித்து வைத்துக்கொண்டார்கள். டாக்டர் அவசரமாக நடந்தார், யோசனையோடு நடந்தார், திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். எந்த வாரம் கதை நீளம் போதவில்லையோ அந்த வாரம் படத்தொகுப்பாளர் அதிலிருந்து ஒரு நடையை உருவிச் செருகுவார். கதை நீளமாக இருந்த வாரம் என்று ஒன்று வந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

முதலில் டாக்டருக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. வெளியே வேலை தேடிப் போனபோது வேடிக்கை தீர்ந்தது. குடும்பத் தொடர் எடுக்கும் ஒரு கம்பெனியில் மாமனார் வேஷம் காலியாக இருந்தது. உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு தொடரில் வந்தால் சேனல் ஒப்புக்கொள்ளாது, நீங்கள்தான் அதில் இன்னும் வந்துகொண்டிருக்கிறீர்களே என்றார்கள். தான் செத்துவிட்டதாக அவர் அடித்துச் சொன்னார். போன வாரம்கூடப் பார்த்தோமே என்றார்கள்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள். "செத்தா செத்த மாதிரி இருக்கணும். இல்லேன்னா வேலைக்குப் போற மாதிரி இருக்கணும். இது என்னங்க ரெண்டுங்கெட்டான் பொழப்பு?"

அவளுடைய தம்பி அந்தத் தொடரை விடாமல் பார்ப்பவன். பிடிக்கும் என்பதால் அல்ல, தப்புக் கண்டுபிடிக்க. இரண்டு சூரியன் உள்ள கிரகத்தில் எல்லோருக்கும் ஒரே நிழல். ஈர்ப்பு விசை போய் ஆட்கள் மிதக்கும்போது கோப்பையில் டீ மட்டும் அடக்க ஒடுக்கமாக இருக்கிறது. வெட்டுப்பட்ட கேப்டனின் கை அடுத்த வாரமே முளைத்துவிட்டது. "இத்தனை ஓட்டை இருக்கிற கப்பல்ல நீங்க ஒரு ஆள் உள்ள வர இடமில்லாமலா போகும்? போய்க் கேளுங்க மாமா" என்று தள்ளிவிட்டான்.

இயக்குநரின் மேஜைமேல் கப்பலின் மாதிரி நின்றது. பக்கத்தில் போனால் ஹேர் டிரையர் என்று தெரியும். டாக்டர் தன் கோரிக்கையைச் சொன்னார்: ஒன்று என்னைப் பிழைக்கவையுங்கள், இல்லை நடப்பதையாவது நிறுத்துங்கள். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு, காலம் நேர்கோடு அல்ல என்று ஆரம்பித்து, பிரபஞ்சத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே நாற்காலியில் வந்து இறங்கினார். செத்தவரைப் பிழைக்கவைத்தால் ரசிகர்களின் அறிவை அவமதித்ததாகிவிடுமாம்.

"நம்ம தொடரோட உயிரே லாஜிக்தான்" என்றார்.

"கேப்டனுக்கு வெட்டுப்பட்ட கை முளைச்சிருச்சே சார்."

"அது மருத்துவ முன்னேற்றம்."

"யாரு வைத்தியம் பார்த்தது?"

"ஏன், நம்ம கப்பல்லதான் டாக்டர்..."

இயக்குநர் பாதியில் நிறுத்தினார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த கதாசிரியர் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார். அவர் போட்டிருந்தது செருப்பு.

உண்மையில் செத்தவர் எப்படி நடக்கிறார் என்று சேனலுக்குப் புகார்கள் வந்து, அதற்குள் ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார்கள். நடப்பது செத்த டாக்டர் அல்ல, அவருடைய இரட்டைத் தம்பி. டாக்டருக்கு நெஞ்சு விம்மியது. அதே முகத்துக்கு வேறு யாரைப் போடுவார்கள்? தயாரிப்பாளரின் மருமகனைப் போட்டிருந்தார்கள். அவர் ஒரு சாண் குட்டை, தலையில் முடி இல்லை. கதிர்வீச்சு என்று விளக்கினார் கதாசிரியர். அப்படியானால் தாழ்வாரத்தில் நடக்கும்போது முடி இருக்கிறதே என்று கேட்டதற்கு, அது கதிர்வீச்சுக்கு முன்னால் என்றார். மருமகனின் குரல்தான் கீச்சென்று இருக்கிறது, அண்ணன் தம்பிக்குக் குரலாவது ஒத்துப்போக வேண்டும், லாஜிக் இருக்கிறதல்லவா, அதனால் டாக்டர் வந்து பேசிக்கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார்கள்.

எழுந்து போய்விடலாம் என்றுதான் டாக்டர் நினைத்தார். ஆனால் பேச வேண்டிய வசனத்தைக் காட்டினார்கள்: "அண்ணன் செத்துட்டான். என் கண்ணால பார்த்தேன்." இதை ஊரே கேட்டால் போதும், மாமனார் வேஷம் கைக்கு வந்துவிடும். சரி என்றார்.

ஒலிப்பதிவு அறையில் அவர் பேசியதைப் போல அந்தத் தொடரில் யாரும் பேசியதில்லை. தன் சாவைத் தானே நேரில் பார்த்தவர் மாதிரி தொண்டை கரகரத்தது. ஒலிப்பதிவாளர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். இயக்குநருக்கு மட்டும் திருப்தி இல்லை. இவ்வளவு உறுதியாகச் சாகக் கூடாதாம். பின்னால் எதற்காவது தேவைப்பட்டால்?

"'செத்துட்டான்னு நினைக்கிறேன்'னு மாத்திக்கலாம் சார்" என்றார் கதாசிரியர்.

"நினைக்கிறேன்லாம் கிடையாது" என்றார் டாக்டர். "செத்துட்டான்."

"கதைக்கு ஒரு கதவு திறந்திருக்கணுமில்ல?"

"திறந்த கதவு வழியாத்தான் சார் என்னை வெளிய தள்ளுனீங்க."

அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்துகொண்டார். கெஞ்சினார்கள், தயாரிப்பாளர் பெயரைச் சொல்லி மிரட்டினார்கள், மருமகனையே பேசவிட்டுப் பார்த்துவிட்டு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் ஒளிபரப்பு. கடைசியில் டாக்டர் பேசியபடியே ஒளிபரப்புக்குப் போனது. அவர் தன் சாவைத் தானே போராடி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

ஒளிபரப்பானபோது மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சினனுக்கே சொல்ல ஒரு குறையும் அகப்படவில்லை. காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு, ஏதோ நேரில் போகிறவர் போல நிமிர்ந்து நின்று, டாக்டர் குடும்பத் தொடர் கம்பெனிக்குப் போன் போட்டார்.

அவர்களும் பார்த்திருந்தார்கள். நீங்கள் செத்துப்போனதில் இனிமேல் சந்தேகமே இல்லை என்று மனதாரப் பாராட்டினார்கள். "ஆனா சார், அந்தத் தம்பிக்குப் பேசுறது உங்க குரல்தானே? எங்க ஆபீஸ்ல எல்லாருமே கண்டுபிடிச்சுட்டோம். அவரு இனிமே வாராவாரம் வருவாராமே?"

டாக்டர் போனைக் கீழே வைத்தார்.

"என்னங்க சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"பிழைச்சுட்டேனாம்" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.